அரசு அலுவலகத்தில் மின்னாளுமை: மனு வரும் வாசலிலிருந்து காப்புப்படி வரை ஒரு முழு வழிகாட்டி

இந்தியாவில் நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் பணி 1988–89இல் மத்திய அரசின் நிதியுடன் எட்டு மாவட்டங்களில் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் பணம் வந்தது, கணினிகள் வந்தன, தட்டச்சு செய்ய ஆட்களும் வந்தார்கள். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் நகல் கேட்டுப் போன விவசாயி நின்றது பழைய பதிவேட்டின் முன்னால்தான். கர்நாடக அரசின் ‘பூமி’ திட்டம் இதை மாற்றிக் காட்டியது. ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர்களின் கையில் இருந்த, சுமார் 67 லட்சம் உடைமையாளர்களுக்குரிய 2 கோடிப் பதிவுகள் 177 வட்டங்களின் கணினிகளுக்கு வந்து சேர்ந்தன. 15 ரூபாய் கட்டினால் வட்ட அலுவலகச் சாளரத்திலேயே நகல் கிடைத்தது. முந்தைய முயற்சிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டியது கணினி அன்று, ஒரு நிர்வாக முடிவு. ஒரு வட்டத்தில் கணினிச் சாளரம் திறந்ததும், அந்த வட்டத்தில் கையால் எழுதிய நகல் செல்லாது என்று அரசு அறிவித்தது. பழைய வழி அன்றோடு அடைபட்டது.

நகராட்சியோ, வட்ட அலுவலகமோ, வாரியமோ, வளரும் நாடு ஒன்றின் பொதுத்துறை நிறுவனத்தில் மின்னாளுமையை நடத்தும் பொறுப்பை ஏற்கும் அலுவலருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வளரும் நாடுகளின் மின்னாளுமைத் திட்டங்களில் 35 விழுக்காடு முழுத் தோல்வி, 50 விழுக்காடு பாதித் தோல்வி, 15 விழுக்காடு மட்டுமே வெற்றி. இது துல்லியமான கணக்கெடுப்பு அன்று, தோராய மதிப்பீடுதான். ஆனால் அலுவலகங்களுக்குள் வேலை செய்தவர்கள் யாரும் அந்த எண்களைக் கண்டு வியந்திருக்க மாட்டார்கள். வடிவமைத்தவர் மனத்தில் இருந்த அலுவலகத்துக்கும் உண்மையில் இருக்கும் அலுவலகத்துக்கும் உள்ள இடைவெளிதான் தோல்விக்குக் காரணம் என்றார் அவர். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடைவெளியைக் குறைப்பதற்கானவை.

முதல் படி: ஒரே ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்தல்

புதிய தலைவர் பொறுப்பேற்றதும் முதலில் கேட்பது பெரும்பாலும் ஓர் இணைய வாயில். நூறு சேவைகளின் பெயர்கள் அதில் இருக்கும். சொடுக்கினால் பதிவிறக்கி, அச்சிட்டு, நிரப்பி, நேரில் கொண்டுவரச் சொல்லும் படிவம் வரும். ஐக்கிய நாடுகள் சபை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் மின்னாளுமைத் தரவரிசையில் இணையச் சேவை, தொலைத்தொடர்புக் கட்டமைப்பு, மனித வளம் ஆகிய மூன்றும் சேர்ந்தே மதிப்பெண்ணாகின்றன. அவற்றுள் எளிதாகக் காட்டக்கூடியது முதலாவது என்பதால், அமைச்சகங்களின் கண் அங்கேயே போகிறது.

அதற்கு மாறாக, ஆண்டுக்கு மிக அதிகமானோர் கேட்கும் சேவை எது, அதில் எது உங்கள் நிறுவனத்தின் அதிகாரத்துக்குள்ளேயே தொடங்கி முடிகிறது என்று பாருங்கள். இந்த இரண்டாவது நிபந்தனையை விட்டுவிட வேண்டாம். இன்னொரு துறையின் ஒப்புதல் தேவைப்படும் சேவையில் கைவைத்தால், முதல் ஓராண்டு கடிதப் போக்குவரத்திலேயே கழிந்துவிடும். பிறப்புச் சான்று, சொத்துவரிப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு போன்றவை தொடக்கத்துக்கு ஏற்றவை.

இரண்டாம் படி: மனுவின் பின்னால் நடந்து போதல்

எந்த மென்பொருள் நிறுவனத்தையும் அழைப்பதற்கு முன்னால், தேர்ந்தெடுத்த சேவைக்கு வந்த ஒரு மனுவை எடுத்துக்கொண்டு, அது போகும் இடமெல்லாம் நீங்களும் போங்கள். சொத்துவரிப் பெயர் மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். மனு தபால் பிரிவில் தேதி முத்திரை பெறுகிறது. பகிர்மானப் பதிவேட்டில் ஏறுகிறது. பிரிவு உதவியாளர் அதைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டு நடப்பு எண் தருகிறார். வரி வசூலிப்பவரின் கள அறிக்கைக்குப் போகிறது. திரும்பி வந்து குறிப்பு எழுதப்படுகிறது. கண்காணிப்பாளர், மேலாளர், வருவாய் அலுவலர் என்று ஏறி ஆணையரிடம் சேர்கிறது. ஒப்பமாகிக் கீழே இறங்கி, செம்படி (அனுப்பவேண்டிய இறுதிப் படி) தயாராகி, அனுப்புகைப் பிரிவுக்கு வருகிறது. நான் ஒருமுறை இப்படி ஒரு கோப்பின் பின்னால் போனபோது, உண்மையில் முடிவெடுத்தவர் கள ஆய்வுக்குப் போனவர் ஒருவரே என்பது தெரிந்தது. மற்ற எல்லோரும் ‘பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று எழுதி மேலே தள்ளியவர்கள்.

ஒவ்வொரு மேசையிலும் இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோப்பு காத்திருந்த நேரம், கோப்பின்மேல் வேலை நடந்த நேரம். முதலாவது நாள்களில் வரும், இரண்டாவது நிமிடங்களில் வரும். மனுதாரர் பக்கத்திலும் இதே கணக்கு வேண்டும். வங்கதேச அரசின் மின்சேவைத் திட்டமான ‘ஏ-டு-ஐ’ ஒவ்வொரு சேவைக்கும் மூன்றை மட்டும் அளந்தது: குடிமகனுக்கு ஆன நேரம், ஆன செலவு, அலுவலகத்துக்கு வந்த தடவைகள். செலவில் பேருந்துக் கட்டணமும் இழந்த ஒருநாள் கூலியும் அடங்கும். இந்த அளவீட்டைத் திட்டம் தொடங்குமுன் எடுத்துவைக்காத நிறுவனம், பிற்பாடு தான் எதைச் சாதித்தது என்பதை யாருக்கும் காட்ட முடியாது.

மூன்றாம் படி: வெட்டிய பிறகே கணினியில் ஏற்றுதல்

நடந்து பார்த்ததில் தெரிந்த தேவையற்ற மேசைகளை நீக்காமல் அப்படியே மென்பொருளாக்கினால், காகிதத்தில் இருந்த தாமதம் திரைக்கு வரும், அவ்வளவுதான். இணையத்தில் வந்த விண்ணப்பத்தை அச்சிட்டு, டேக் கட்டிக் கோப்பாக்கி, வழக்கம்போல் எல்லா மேசைக்கும் சுற்றவிட்டு, ஒப்பமானபின் ‘ஒப்புதல்’ பொத்தானை மொத்தமாக அழுத்தும் அலுவலகத்தை நானே பார்த்திருக்கிறேன். அங்கிருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தணிக்கை வரும்போது காகிதத்தில் கையெழுத்து எங்கே என்றுதான் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கேட்கப்படும் இணைப்பு ஆவணங்களையும் இதே கத்தியால் வெட்ட வேண்டும். அலுவலகத்திடமே உள்ள தகவலை மனுதாரரிடம் திரும்பக் கேட்கக் கூடாது. அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பத்துக்குப் பதிலாகச் சுயசான்றொப்பத்தை ஏற்கும்படி இந்திய மத்திய அரசு 2014 வாக்கில் துறைகளை வலியுறுத்தியது. பச்சை மையில் ஒரு கையெழுத்துக்காக வாசல்வாசலாக அலைந்த தலைமுறைக்கு அதன் அருமை புரியும். அதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

நான்காம் படி: சட்டப் பாதுகாப்பு

மின்ஆவணத்துக்கும் மின்கையொப்பத்துக்கும் சட்ட ஏற்பு இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 வழியாகவும், இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வழியாகவும் உள்ளது. ஆனால் பொதுச் சட்டம் இருப்பது மட்டும் போதாது. உங்கள் சேவைக்கான விதிகளில் ‘பதிவேட்டில் மையால் எழுதி’, ‘நேரில் தோன்றி’, ‘இரண்டு படிகளில்’ போன்ற சொற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி, அவற்றைத் திருத்தும் ஆணையை முன்கூட்டியே பெற வேண்டும். கணினியிலிருந்து வரும் சான்றே இனிச் சட்டப்படியான சான்று என்ற வரி அந்த ஆணையில் இருக்கட்டும். மூன்றாம் படியில் சொன்ன, இணைய விண்ணப்பத்தை அச்சிட்டுச் சுற்றவிட்ட அலுவலகத்தில் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் 2022இலும் இந்தியாவில் 2023இலும் இயற்றப்பட்டிருப்பதால், எந்தத் தகவலை எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

ஐந்தாம் படி: ஆட்கள்

பூமி திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ராஜீவ் சாவ்லா அதே பொறுப்பில் பல ஆண்டுகள் தொடர்ந்தார். பெரும்பாலான திட்டங்களுக்கு இந்தப் பேறு வாய்ப்பதில்லை. இடமாற்றல் ஆணை வந்ததும் திட்டம் அநாதையாகிறது. அடுத்து வருபவர் புதுப் பெயரில் புதுத் திட்டம் தொடங்குகிறார். இதற்கு முழு மருந்து கிடையாது. ஆனாலும் இடமாற்றலுக்கு உட்படாத நிலையிலுள்ள நான்கைந்து உள் ஊழியர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்து, எல்லா முடிவுகளையும் காரணத்தோடு எழுதிவைக்கச் செய்தால், பாதிச் சேதமாவது குறையும். குழுவில் கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் இருப்பதைவிட, விதிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் மூத்த கண்காணிப்பாளர் ஒருவர் இருப்பது முக்கியம். முன்னவரை வெளியிலிருந்தும் அமர்த்திக்கொள்ளலாம், பின்னவர் வெளியில் கிடைக்க மாட்டார்.

ஊழியர்களின் அச்சத்தை மென்மையாகவும் நேராகவும் பேச வேண்டும். வேலை போகுமோ என்பது வெளியே சொல்லும் அச்சம். கோப்பை எப்போது நகர்த்துவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் போகுமே என்பது சொல்லாத அச்சம். பூமியில் பெயர் மாற்ற மனுக்கள் வந்த வரிசையிலேயே எடுக்கப்படும்படி மென்பொருள் அமைக்கப்பட்டது. யார் மாற்றினார் என்பது விரல்ரேகையால் பதிவானது. சாளரத்தின் முன் நிற்பவர் பார்க்கும்படி இரண்டாவது திரை ஒன்றும் வைக்கப்பட்டது. இந்த மூன்றும் சொல்லாத அச்சத்தை உறுதிப்படுத்துபவை என்பதால், மேலிடத்தின் ஆதரவு எழுத்தில் இல்லாமல் இவற்றைச் செய்ய முயல வேண்டாம். விரல்ரேகை இல்லாத அமைப்புகளில், அதிகாரியின் கடவுச்சொல் ஒட்டுத்தாளில் எழுதப்பட்டு உதவியாளரின் திரை ஓரத்தில் ஒட்டியிருக்கும். இதைத் தனிமனித ஒழுக்கக் கேடாகப் பார்ப்பதைவிட, அந்த அதிகாரிக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஒப்புதல்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும். பயிற்சியைப் பொறுத்தவரை, அலுவல் நேரத்தில், அவர்களுடைய சொந்தக் கோப்புகளை வைத்து நடத்த வேண்டும் என்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

ஆறாம் படி: தரவு

பெரும்பாலான திட்டங்களில் காலமும் பணமும் கரைவது இங்கேதான். ஆனால் திட்ட அறிக்கையில் இது ‘தரவு உள்ளீடு’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

தமிழ்ப் பதிவுகளையே எடுத்துக்கொள்வோம். ஒரே மனிதர் ஒரு பதிவேட்டில் ‘க. முருகன்’, இன்னொன்றில் ‘முருகன் க’, வேறொன்றில் ‘கருப்பையா மகன் முருகன்’. வெளிநாட்டு அச்சில் வார்த்த மென்பொருள் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டாயக் கட்டம் வைத்திருக்கும். உள்ளீடு செய்பவர் அதில் ஒரு புள்ளியையோ தலைப்பெழுத்தையோ போட்டுவிட்டு நகர்வார். அப்பா பெயர், முகவரி, கதவு எண் ஆகியவற்றைச் சேர்த்துப் பொருத்தாமல் வெறும் பெயரால் தேடும் அமைப்பு, சில மாதங்களிலேயே இரட்டைப் பதிவுகளால் நிரம்பிவிடும்.

எழுத்துரு அடுத்த சிக்கல். தமிழ்நாட்டில் 1999இல் டாம், டாப் என்ற குறியேற்றங்கள் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறைகள்) அரசின் தரமாயின. 2010இல் யுனிகோடும் டேஸ்-16உம் வந்தன. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னும் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் அலுவலகங்களில் மலைபோல் உள்ளன. இலங்கையில் அதே இடத்தில் பாமினி எழுத்துரு இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். மாற்றிகள் உண்டு, ஆனால் மாற்றியபின் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். ‘கௌரி’ என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக, எகரக் கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெளரி’ என்று அடித்திருப்பார்கள். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். அந்தப் பெண் சாளரத்துக்கு வந்து பெயர் சொல்லும்போது ‘பதிவு இல்லை’ என்ற பதில் வரும்.

ஆகவே உள்ளீடு செய்தவற்றை அச்செடுத்து, மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அந்தப் பதிவேட்டுக்குப் பொறுப்பான ஊழியரே ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திடும் முறை வேண்டும். வெளி ஒப்பந்ததாரரின் ஆட்கள் தட்டச்சு செய்யலாம். சரிபார்ப்பை அவர்களிடமே விடக் கூடாது. பதிவேட்டிலேயே உள்ள பிழைகளைத் திருத்த எளிய மேல்முறையீட்டு வழியும் இதோடு திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினியில் ஏறிய பிழை நிரந்தரமாகிவிடும்.

ஏழாம் படி: பணமும் ஒப்பந்தப்புள்ளியும்

கொள்முதல் விலையைப் பார்க்காமல் ஐந்தாண்டுச் செலவைக் கணக்கிடுங்கள். யுபிஎஸ் மின்கலம், அச்சுப்பொறி மை, இணையக் கட்டணம், பராமரிப்பு ஒப்பந்தம், உரிமக் கட்டணம் ஆகியவை இரண்டாம் ஆண்டிலிருந்து வரும். கொடையாளர் நிதி பெரும்பாலும் அதற்குள் தீர்ந்திருக்கும். பூமியின் 15 ரூபாய்க் கட்டணம் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது: சேவை தன் இயக்கச் செலவைத் தானே ஈட்டியது.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மூல நிரலும் (மென்பொருளை எழுதிய நிரல்) தரவும் நிறுவனத்துக்கே சொந்தம், தரவைத் திறந்த வடிவில் எப்போது கேட்டாலும் தர வேண்டும், ஒப்பந்தம் முடியும்போது ஆறு மாதக் கைமாற்றுப் பணி உண்டு. குறைந்த விலைப்புள்ளிக்கே பணி என்ற விதியைப் பலரும் சபிக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு வருத்தமில்லை. தேவையைத் தெளிவாக எழுதாத நிறுவனம் அதிக விலை கொடுத்தாலும் ஏமாறத்தான் செய்யும்.

எட்டாம் படி: முன்னோட்டம், பிறகு காகித வழியை மூடும் நாள்

ஒரு பிரிவில் அல்லது ஒரு வட்டத்தில் மூன்று மாதங்கள் நடத்திப் பாருங்கள். மிகச் சிறந்த அலுவலகத்தை முன்னோட்டத்துக்குத் தேர்ந்தெடுப்பது பொதுவான தவறு. அங்கே எந்த மென்பொருளும் ஓடும். மின்வெட்டு உள்ள, ஆள் பற்றாக்குறை உள்ள, நடுத்தரமான ஓர் அலுவலகமே உண்மையைச் சொல்லும்.

இந்தக் காலத்தில் காகிதமும் கணினியும் இணையாக ஓடலாம். ஆனால் இணை ஓட்டத்துக்கு முடிவுத் தேதி தொடங்கும்போதே அறிவிக்கப்பட வேண்டும். இரண்டு வேலையும் செய்யச் சொன்னால் ஊழியர் பழக்கமான ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மாதக் கடைசியில் நிரப்புவார். அப்படி நிரப்பிய தரவை யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாததால் காகிதத்தை விட மாட்டார்கள். தேதி வந்ததும் மூடலாமா என்று முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும்: முந்தைய மாதத்தில் கணினியில் தேடிக் கிடைக்காமல் பதிவேட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? மின்சாரமோ இணையமோ இல்லாத நாளில் சாளரம் என்ன செய்தது? பதில் திருப்தி தராவிட்டால் ஒருமுறை மட்டும் தேதியைத் தள்ளலாம். இரண்டாம் முறை தள்ளினால் மூன்றாவதும் வரும்.

ஒன்பதாம் படி: திரை பழகாதவர்கள்

காகித வழியை மூடும் உரிமை, மற்றொரு வழியை அருகில் திறந்து வைத்தவருக்கே உண்டு. இந்தியா 2006இல் தேசிய மின்னாளுமைத் திட்டத்தின் கீழ் ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களைத் திட்டமிட்டது. வங்கதேசம் 2010 நவம்பரில் 4,501 ஒன்றியங்களில் (அங்கே ஊரக உள்ளாட்சியின் கீழ்நிலை அலகு) தகவல் மையங்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் ஓர் ஆண், ஒரு பெண் என இரு தொழில்முனைவோர் நடத்தும்படி அமைத்தது. தனியே வரத் தயங்கும் பெண்கள் அந்த இரண்டாமவரை நம்பி வந்தார்கள் என்பதால் இதைச் சிறிய ஏற்பாடாக நினைக்க வேண்டாம். கென்யா 2013 முதல் ‘ஹுடுமா’ எனும் அரசுச் சேவை மையங்களில் பலவற்றை அஞ்சலகக் கட்டடங்களில் அமைத்தது. மக்களுக்கு ஏற்கெனவே வழி தெரிந்த இடம் அது.

தமிழ்நாட்டின் இ-சேவை மையங்களில் வருமானச் சான்றுக்கோ சாதிச் சான்றுக்கோ வரிசையில் நிற்பவரைப் பாருங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் வரும் கைபேசி மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். ‘ஓடிபி சொல்லுப்பா’ என்று வரிசையில் நின்றபடியே அழைப்பார்கள். அதற்குள் நேரம் முடிந்து எண் காலாவதியாகும். இணையவழி என்று நாம் அழைப்பது பலருக்கு இன்னொருவர் கைவழிதான். ஆகவே அந்த இன்னொருவர் வாங்க வேண்டிய கட்டணத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுவதும், ரசீது கட்டாயமாக்குவதும், கடவுச்சொல்லின் கால அளவை நீட்டுவதும் வடிவமைப்பின் பகுதிகளே.

பத்தாம் படி: அளவீடும் அதன் ஏமாற்றும்

மனுக்களின் எண்ணிக்கையைத் திரையில் காட்டும் தகவல் பலகை வந்ததும், மாவட்டக் கூட்டங்களில் நிலுவை எண் கேட்கப்படும். அடுத்த மாதமே நிலுவை குறையும். மகிழ்வதற்கு முன், நிராகரிக்கப்பட்டவையும் ‘கூடுதல் ஆவணம் தேவை’ என்று திருப்பப்பட்டவையும் எத்தனை, அவை கெடு முடிவதற்கு எத்தனை மணி நேரம் முன்பு திருப்பப்பட்டன என்று பாருங்கள். கெடுவின் கடைசி நாள் மாலையில் திருப்பப்பட்ட மனுக்கள் குவிந்திருந்தால், கோப்பு தீரவில்லை, கடிகாரம் மட்டும் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கிறது. இரண்டாம் படியில் எடுத்துவைத்த நேரம், செலவு, வருகைக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, திருப்பப்பட்ட மனுதாரர்களையும் சேர்த்துத் திரும்ப எடுப்பதே இதற்கு மாற்று.

பதினோராம் படி: காப்புப்படி

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமைக் கட்டமைப்பு மீட்புப்பணம் கேட்கும் நச்சுநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் கணக்குகளில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு அழிந்தது. அந்தக் காலத்துக்கான காப்புப்படி இல்லை. காலாவதியான மென்பொருளைப் புதுப்பிக்கும் பணி நிதியின்மையால் தள்ளிப்போனதும் அதற்குக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஏழாம் படியில் இரண்டாம் ஆண்டுச் செலவைப் பற்றி எழுதியது இதற்காகத்தான்.

காப்புப்படி எடுக்கிறோம் என்று ஒப்பந்ததாரர் தரும் மாதச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு நிறுத்த வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் வெற்று சர்வர் ஒன்றை எடுத்து, முந்தைய நாளின் காப்புப்படியை அதில் ஏற்றச் சொல்லி, சாளரத்தில் இருப்பவரை அழைத்து, முருகனின் பதிவும் கௌரியின் பதிவும் வருகின்றனவா என்று தேடிப் பார்க்கச் செய்யுங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எந்தக் கடவுச்சொல்லுக்காக யாரை வீட்டிலிருந்து அழைக்க வேண்டியிருந்தது என்பதைக் குறித்து, திங்கட்கிழமை ஆணையரின் மேசையில் வையுங்கள்.